ஏப்ரல் முதலாம் திகதியில் ஒரு பேருரை

ஏப்ரல் முதலாம் திகதி வேண்டாம் என்று தலைப்பாடாய் அடித்துக்கொண்டேன். வேறு எந்த நாளையாவது சொல்லுங்கள், மண்டபம் பிடித்துத் தருகிறேன் என்றேன். மார்ச் கடைசியில் இடம் இருந்தது. மே மாதம் முழுவதும் காலியாகக் கிடந்தது. மனுஷன் கேட்டால்தானே!

"ஏப்ரல் ஒண்டுதான். அதுக்கு முதலும் வேண்டாம், பிறகும் வேண்டாம்."

"அண்டைக்கு ஊர் முழுக்க ஒருத்தரை ஒருத்தர் ஏமாத்துற நாள். அது தெரியுமோ இல்லையோ?"

"தெரியும். எங்கட ஆக்களுக்கு அது வருசப் பிறப்பு."

அவர் பேசியது ஆங்கிலம். ஆனால் இத்தனை வருடப் பழக்கத்தில் அவருடைய பேச்சு என் காதில் யாழ்ப்பாணத் தமிழாகத்தான் விழும். அதனால் அப்படியே எழுதுகிறேன். கோபித்துக்கொள்ள மாட்டார், அவருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது.

நான் ஆக்லாந்தில் ஒரு பல்கலைக்கழகத்தின் வரலாற்றுத் துறை அலுவலகத்தில் வேலை செய்கிறேன். நேர அட்டவணை போடுவது, மண்டபம் ஒதுக்குவது, விரிவுரையாளர்கள் தொலைத்த சாவியைத் தேடுவது எல்லாம் என் தலையில்தான். அந்த வருடம் எங்கள் துறையில் ஒருவர் பேராசிரியராக உயர்ந்திருந்தார். இங்கே புதிதாகப் பேராசிரியரானவர் ஊருக்குப் பொதுவாக ஒரு பேருரை ஆற்ற வேண்டும். முன்வரிசையில் பெரியவர்கள் கறுப்பு அங்கியோடு உட்காருவார்கள், அவர்களுக்குப் பின்னால் குடும்பம் உட்காரும். நம் ஊர் அரங்கேற்றம் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள், சலங்கை மட்டும்தான் இல்லை.

அந்தப் பேராசிரியர் ஓர் அசீரியர். ஈராக்கின் வடக்கில் பிறந்தவர். அசீரியர் என்றதும் பாடப் புத்தகத்தில் தாடி வைத்த கல் சிலைகளோடு முடிந்துபோனவர்கள் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். முடியவில்லை. சொந்த மொழியும் கிறிஸ்தவக் கோயிலும் சண்டை சச்சரவுமாக நாலு நாடுகளில் வாழ்ந்து, பிறகு உலகம் பூராவும் சிதறிப்போனவர்கள். தங்களுக்கென்று ஒரு நாடு கிடையாது என்று அவர் சொன்னபோது, யாழ்ப்பாணத்திலிருந்து வந்த எனக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை.

அவரை நான் முதலில் பார்த்தபோது அவர் பகுதிநேர ஆசிரியர். எங்கள் அலுவலகக் கதவைத் திறந்தவர் என் மேசையில் ஒரு பை வெங்காயத்தை வைத்து, "உங்களுக்குத்தான்" என்றார். நான் வாயைப் பிளந்தேன். எங்கள் துறையில் சொக்லேட் தருவார்கள், பூ தருவார்கள், வெங்காயம் தந்தவர் அவர் ஒருவர்தான். நல்ல காய்ந்த வெங்காயம். அப்போதே ஆள் எனக்குப் பிடித்துப்போனது.

ஈராக்கில் பள்ளிக்கூடத்தில் வரலாறு படிப்பித்தவர். போரில் வீட்டை விட்டு ஓடி, ஜோர்தானில் வருடக்கணக்காகக் காத்திருந்து, அகதியாக இங்கே வந்து சேர்ந்தார். அவருடைய பட்டம் இங்கே செல்லாது என்றுவிட்டார்கள். சரி, போங்கடா என்று முதலாம் ஆண்டிலிருந்து மறுபடி படித்தார். புக்கெகோஹியில் காய்கறி பொதி செய்யும் கொட்டகையில் வெங்காயம் தரம் பிரித்துக்கொண்டே படித்தார். பக்கத்தில் அதே வேலையைச் செய்துகொண்டு நின்றவர் அவருடைய அக்கா. சின்ன வயதில் தாயில்லாமல் போன தம்பியைத் தூக்கி வளர்த்ததும் அவரேதான்.

இருவரும் மனுரேவாவில் ஒரே வீட்டில் இருந்தார்கள். காலையில் அக்கா கார் ஓட்டுவாராம், தம்பி பக்கத்தில் இருந்து அன்றைய பாடத்தை உரக்க வாசிப்பாராம். பிடிக்காத வரி வந்தால் அக்கா ஸ்டியரிங்கில் அடித்து, "சுத்தப் பொய்!" என்று கத்துவாராம். அந்தச் சத்தத்தில்தான் தனக்கு வரலாறு ஏறியது என்று எங்கள் துறைத் தலைவரிடமே சொல்லியிருக்கிறார். இரண்டாவது பட்டம், முனைவர் பட்டம், நிரந்தர வேலை என்று ஒவ்வொன்றாக வந்தன. ஒவ்வொன்றுக்கும் அக்கா ஒரு பெரிய சட்டி டோல்மா செய்து அனுப்புவார். திராட்சை இலைக்குள் அரிசியும் இறைச்சியும் வைத்துச் சுருட்டி அவித்தது. சட்டி எங்கள் அலுவலகத்துக்கு வந்தால் மணம் மூன்றாம் மாடி வரைக்கும் போகும். சைவக்காரியான நான் மூக்கால் மட்டும் சாப்பிட்டேன்.

பிறகு அவர் அந்தக் கட்டுரையை எழுதினார்.

அசீரியர்கள் ஏப்ரல் முதலாம் திகதியை ஆண்டுப் பிறப்பாகக் கொண்டாடுகிறார்கள். ஆண்டுக்கு ஓர் எண்ணும் உண்டு. ஆறாயிரத்து எழுநூற்றுச் சொச்சம் என்று பெருமையாகச் சொல்வார்கள். பண்டிகை பழையது, ஆனால் அந்த எண் சென்ற நூற்றாண்டில் சில பத்திரிகைக்காரர்கள் உட்கார்ந்து கணக்குப் போட்டது என்று இவர் எழுதினார். பக்கம் பக்கமாகப் பண்டிகையின் பழைமையைப் பற்றித்தான் எழுதியிருந்தார். யார் அதை வாசித்தார்கள்? எண் புதியது என்ற ஒரே வரி மட்டும் கோயில் வாசலில் கைக்குக் கை மாறியது. ஆக்லாந்தில் அவர்களுடைய ஆண்டுப் பிறப்புக் குழுவை நடத்துபவர் யார் என்று நினைக்கிறீர்கள்? அக்காவேதான்.

அன்றிலிருந்து அக்கா தம்பியோடு கதைக்கவில்லை. தம்பி வேறு வீடு பார்த்துக்கொண்டு வெளியேறினார். ஞாயிறு பூசை முடிந்து அவர் காரடிக்குப் போனால் முன்பக்க பொனற் மூடிக்கு மேல் ஒரு பெட்டி டோல்மா இருக்கும். வைத்தவர் கண்ணில் தட்டுப்பட மாட்டார். சாப்பாடு வரும், பேச்சு வராது. இந்த வித்தை நம் ஆட்களிடம் மட்டும்தான் இருக்கிறது என்று அதுவரை நம்பியிருந்தேன்.

எனக்கு இது புதிய சண்டையும் இல்லை. எங்கள் லின்ஃபீல்ட் வீட்டில் தமிழருக்குப் புத்தாண்டு தையா, சித்திரையா என்று என் கணவரும் அவருடைய அண்ணனும் ஒரு பொங்கலன்று தொடங்கினார்கள். நான் அத்தான் என்று கூப்பிடும் அந்த அண்ணன், பாதி வடையைத் தட்டில் வைத்துவிட்டுக் கார்ச் சாவியை எடுத்துக்கொண்டு போனார். அதற்குப் பிறகு அவர் தையிலும் வருவதில்லை, சித்திரையிலும் வருவதில்லை. ஆகவே பேராசிரியர் தம் கதையைச் சொன்னபோது நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை.

"மூண்டு வருசமா என்னை ஒருத்தரும் ஏசேல்லை," என்றார். "நான் எழுதுறது பிழை எண்டு சொல்ல வீட்டில ஆளில்லை. இந்தப் பேருரைக்கு அவ வந்து முன்னால இருக்கவேணும். அவ வரேல்லை எண்டா எனக்குப் பேராசிரியர் பட்டம் கிடைச்சும் ஒண்டுதான், கிடைக்காமல் விட்டும் ஒண்டுதான்."

அதற்குத்தான் ஏப்ரல் முதலாம் திகதி. தன் ஆண்டுப் பிறப்பும் அதுதான் என்று எல்லாருக்கும் முன்னால் சொல்ல வேண்டுமாம். மண்டபத்தைப் பிடித்தேன்.

அழைப்பிதழை மின்னஞ்சலில் அனுப்பினேன். ஏப்ரல் முதலாம் திகதி மாலை ஆறு மணி, ஆறாயிரத்து எழுநூற்றுச் சொச்சமாவது ஆண்டின் தொடக்க நாள், அனைவரும் வருக. அவர் சொன்னபடியே போட்டிருந்தேன். பதில்கள் வந்தன. பீடாதிபதி பல்லைக் காட்டிச் சிரிக்கும் பொம்மை ஒன்றை அனுப்பினார். அரசியல் துறையிலிருந்து ஒருவர், "நல்ல பகிடி, போன வருசத்தைவிடத் திறம்" என்று எழுதினார். சாப்பாடு போடுகிறவர்கள் தொலைபேசியில் கூப்பிட்டு, இது மெய்யான ஓடர்தானா என்று கேட்டார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மாடி மாடியாக ஏறி இறங்கி, ஒவ்வொரு அறைக் கதவிலும் நின்று, "இது பகிடி இல்லை, மெய்யாகவே பேருரை" என்று சொன்னேன். சொல்லச் சொல்ல அவர்களுடைய சிரிப்புத்தான் கூடியது. என் முகத்தைப் பார்த்தால் பகிடி விடுகிறவள் மாதிரியா இருக்கிறது?

"மற்ற ஆக்கள் வராட்டிப் போகட்டும். அக்காவுக்குச் சொன்னீங்களோ?" என்று அவரிடம் கேட்டேன்.

"ஓம். மெயில் அனுப்பினன்."

"மெயிலோ!" நான் நாற்காலியை விட்டு எழும்பிவிட்டேன். "வளர்த்த அக்காவுக்கு மெயில் அனுப்புற மனுசனுக்குப் பேராசிரியர் பட்டம் ஒரு கேடு! நேர போய்ச் சொல்லத் தெரியாதோ?"

"கதவு திறக்க மாட்டா."

"எனக்குத் திறப்பா."

அந்தச் சனிக்கிழமை விடியற்காலையிலேயே பயற்றம் பணியாரம் சுட்டு எடுத்துக்கொண்டு மனுரேவாவுக்குப் போனேன். கதவு திறந்தது. நல்ல உயரமான மனுஷி, கறுப்புச் சட்டை, கையில் பிசைந்த மா. இன்னார் என்று சொன்னதும் முகம் இறுகியது. ஆனாலும் வாசலில் வந்தவளை நிற்க வைக்க அவர்களுக்கும் தெரியாது போலும், உள்ளே கூப்பிட்டுச் சின்னக் கண்ணாடிக் குவளையில் தேநீரும் பேரீச்சம்பழம் வைத்த பிஸ்கட்டும் தந்தார். அவருடைய ஆங்கிலம் தட்டுத்தடுமாறும். ஆனால் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடும்.

"அவன் எங்களைப் பொய்யர் எண்டு எழுதினவன்," என்றார்.

"அப்பிடி எழுதேல்லை அக்கா. நான் வாசிச்சனான்."

"நீ படிச்சனீ, உனக்கு அது அப்பிடிப் படாது. நான் வெங்காயம் தரம் பிரிச்சு அவனைப் படிப்பிச்சது இதுக்கோ?"

அத்தானும் பாதி வடையும் கதையைச் சொன்னேன். தை என்கிறவர்களும் சித்திரை என்கிறவர்களும் ஒருவரையொருவர் துரோகி என்பதைச் சொன்னேன். அக்கா என் பணியாரத்தைக் கடித்துக்கொண்டே கேட்டார், ஓரிடத்தில் சிரித்தும் விட்டார். உடனே சிரிப்பை நிறுத்தினார்.

"அவனுக்கு என்ர வருசப் பிறப்பு அண்டைக்குத்தான் பேச்சு வைக்க நேரம் கிடைச்சதோ? அண்டைக்கு எங்கட ஆக்கள் எல்லாரும் பூங்காவில. விடிய ஏழு மணிக்குச் சட்டி ஏத்துவம். இருட்டும் வரைக்கும் ஆட்டம். எல்லாரையும் விட்டிட்டு நான் மட்டும் இவன்ர பேச்சைக் கேக்க வாறதோ?"

திங்கட்கிழமை காலை அவருடைய அறைக்குள் போய்க் கதவை அடித்துச் சாத்தினேன்.

"அண்டைக்கு அவையின்ர பிக்னிக்! உங்களுக்குத் தெரியாதோ?"

மனுஷன் முழித்தார். "கட்டுரைக்குப் பிறகு நான் அங்க போறேல்லை. அது எப்பவும் அந்தக் கிழமைச் சனிக்கிழமைதானே வைப்பினம்? வேலை நாளில ஆர் லீவு எடுக்கிறது?"

"இப்ப சனிக்கிழமை இல்லை, அக்காவே சொன்னா. உங்கட கட்டுரைக்குப் பிறகு, அந்தத் திகதியிலதான் கொண்டாட வேணும் எண்டு அக்கா சட்டம் போட்டிட்டா. மூண்டு வருசமா எல்லாரும் லீவு எடுக்கினம்."

அவர் முகம் மலர்ந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், மலர்ந்தது. "அப்ப என்ர கட்டுரையாலதான் இந்த வழக்கம் தொடங்கினது! எங்கட கண்ணுக்கு முன்னால ஒரு மரபு பிறந்திருக்கு, பாத்தீங்களோ?"

"ஆராய்ச்சியைக் கொண்டுபோய்க் குப்பையில போடுங்கோ! அக்கா வரமாட்டா."

மலர்ந்த முகம் அப்படியே வாடியது. திகதியை மாற்றுவோமா என்று கேட்டேன். துணைவேந்தர் அலுவலகம் ஒப்புக்கொள்ளாது, அவரும் ஒப்புக்கொள்ளவில்லை. நான் அழாத குறையாக வெளியே வந்தேன்.

ஏப்ரல் முதலாம் திகதியும் வந்தது. இலையுதிர்காலம், காலையிலிருந்து தூறல். மாலையில் பெரிய விரிவுரை மண்டபத்தில் விளக்கு எல்லாம் போட்டு, குடும்பத்துக்கென்று இரண்டாம் வரிசையில் நாற்காலிகளில் கடதாசித் துண்டு ஒட்டி வைத்தேன். ஆறு மணிக்கு மண்டபத்தில் இருந்தவர்களை விரல் விட்டு எண்ணலாம். அங்கியோடு துணைவேந்தரின் சார்பில் ஓர் அம்மா வந்திருந்தார். துறைத் தலைவர் வந்திருந்தார். மாணவர்கள் கொஞ்சப் பேர், நான் இழுத்து வந்த என் கணவர். மிச்சமெல்லாம் வெறும் நாற்காலிகள். பகிடி என்று நினைத்தவர்கள் அவரவர் வீட்டில் நிம்மதியாகச் சோறு தின்றுகொண்டிருந்திருப்பார்கள், நல்லா இருக்கட்டும்!

அவர் மேடையேறினார். இரண்டாம் வரிசையைப் பார்த்தார். கடதாசியைப் பார்த்து வாசிக்கத் தொடங்கினார். வகுப்பில் மேசைக்கு மேசை நடந்து, கையை வீசிக் கதைக்கிற மனுஷன், அன்று காலநிலை அறிக்கை வாசிக்கிறவர் மாதிரி வாசித்தார். எனக்குக் கேட்கப் பொறுக்கவில்லை. எழும்பி வாசலுக்குப் போனேன்.

அப்போதுதான் மேளம் கேட்டது.

முதலில் எங்கோ தெருவில் என்று நினைத்தேன். பிறகு கட்டடத்துக்குள்ளேயே கேட்டது. காவலாளி மூச்சிரைக்க ஓடி வந்தார். கீழே ஒரு கூட்டம், பெரிய மேளம், தொப்பியில் இறகு குத்திய ஆண்கள், கையில் சட்டிகள், இதெல்லாம் யார், உள்ளே விடலாமா என்று கேட்டார்.

"எங்கட ஆக்கள்! விடுங்கோ, எல்லாரையும் விடுங்கோ!" என்று கத்தினேன். எங்கட ஆக்கள் என்று ஏன் சொன்னேன் என்று அப்போது யோசிக்கவில்லை.

வந்தார்கள். மழையில் நனைந்த சப்பாத்துகளோடும் மினுங்கும் சட்டைகளோடும், குழந்தைகளைத் தூக்கிக்கொண்டும் கிழவர்களைக் கைபிடித்துக்கொண்டும் வரிசை வரிசையாக நிரம்பினார்கள். நாற்காலி போதாமல் படிகளில் உட்கார்ந்தார்கள். மேளக்காரர் மேளத்தை மடியில் வைத்துக்கொண்டார். எல்லாரையும் விட்டுவிட்டு வரமாட்டேன் என்ற அக்கா, எல்லாரையும் கூட்டிக்கொண்டு கடைசியாக வந்தார். சிரிப்பே இல்லை. நேராக இரண்டாம் வரிசைக்குப் போய், நாற்காலியில் நான் ஒட்டியிருந்த துண்டைப் பிய்த்துக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். மேடையில் நின்ற தம்பியைப் பார்த்து நாடியை உயர்த்திச் சைகை காட்டினார். சொல்ல வந்ததைச் சொல்லித் துலை என்று அர்த்தம்.

அவர் கடதாசியை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார். மேசையைச் சுற்றி முன்னால் வந்தார். அதற்குப் பிறகு நான் கேட்டதுதான் பேச்சு! ஆண்டுப் பிறப்பன்று அவர்களுடைய பெண்கள் பச்சைப் புல்லும் பூவும் கட்டி வாசல் கதவில் தொங்கவிடுவார்களாம். ஊரில் அது வசந்தகாலம். இங்கே வந்த முதல் ஏப்ரலில் எல்லா மரமும் இலை கொட்டிக்கொண்டிருந்தது. பொதி செய்யும் கொட்டகையில் அக்கா வெங்காயத் தாளைக் கட்டாகக் கட்டிக் கதவில் தொங்கவிட்டார். மேற்பார்வையாளர் வந்து இது என்னவென்று கேட்டதற்கு, "ஆறாயிரம் வருசத்து வழக்கம், கை வைக்காதை" என்றார். மேற்பார்வையாளர் அன்று முழுவதும் பின்கதவாலேயே போய் வந்தார். இதைச் சொன்னதும் மண்டபம் வெடித்துச் சிரித்தது. அக்கா சிரிக்கவில்லை, ஆனால் முகட்டைப் பார்த்தார்.

கேள்வி நேரம் என்றார்கள். துறைத் தலைவர் வாயைத் திறப்பதற்குள் அக்கா எழும்பிவிட்டார்.

"அந்த எண்ணை ஆர் போட்டது?"

"எங்கட ஆக்கள்தான் அக்கா. பத்திரிகைக்காரர்."

"எங்கட ஆக்களோ? வெளியாக்கள் இல்லையோ?"

"இல்லை. எங்கட ஆக்கள்."

"பிறகேன் அது பொய்?"

"பொய் எண்டு நான் எழுதவே இல்லை. புதுசு எண்டுதான் எழுதினன்."

"புதுசு எண்டா ஏன் அதைப் பிழை மாதிரி எழுதினனீ?"

அவர் பதில் சொல்ல, அக்கா மறித்தார். இருவரும் ஆங்கிலத்தை விட்டுத் தங்கள் மொழிக்குத் தாவினார்கள். எனக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை, எல்லாமே விளங்கியது. அக்கா நாற்காலியின் முதுகில் அடித்தார். தம்பி இரண்டு கையையும் விரித்தார். படிகளில் இருந்தவர்கள் பாதிப் பேர் இந்தப் பக்கமும் பாதிப் பேர் அந்தப் பக்கமுமாகச் சேர்ந்து கத்தினார்கள். அங்கி அணிந்த அம்மா கடிகாரத்தைப் பார்த்தார், பிறகு பார்ப்பதை விட்டுவிட்டார். மூன்று வருடத்துப் பேச்சு முழுவதும் ஒரேயடியாக வந்துகொண்டிருந்தது. பேராசிரியரின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! திட்டு வாங்கி அப்படி ஒளிவிட்ட முகத்தை நான் கண்டதில்லை.

கடைசியில் அக்கா முன்வரிசைப் பக்கம் திரும்பினார். எல்லோருக்கும் விளங்கட்டும் என்று ஆங்கிலத்தில், ஒவ்வொரு சொல்லாக நிறுத்திச் சொன்னார்.

"இவன் சொல்லுறது பிழை. நான் இவனை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய்த் திருத்துறன். ஆனா இவன் எங்கட பேராசிரியர். என்ன பாத்துக்கொண்டு இருக்கிறியள்? கையைத் தட்டுங்கோ!"

அங்கி அணிந்த அம்மாதான் முதலில் எழும்பினார். பிறகு மண்டபம் முழுவதும் எழுந்தது, மேளமும் சேர்ந்துகொண்டது. நான் தட்டிய தட்டில் என் காப்பு ஒன்று நெளிந்துபோனது. கண்ணைத் துடைத்துக்கொண்டு மேடையடிக்குப் போனேன். அவர் குனிந்து, ஒலிவாங்கி இன்னும் நெஞ்சில் குத்தியிருப்பதை மறந்து, என் காதோடு இரகசியமாகச் சொன்னார்.

"கேட்டீங்களோ? அக்கா வீட்டுக்கு வரச் சொல்லிட்டா."

அது மண்டபம் முழுவதும் கேட்டது.